சிந்தகோ முன்னிலையில்

நான் பார்த்துக்கொள்ளும் கிழவரைக் கட்டடத்தில் எல்லோரும் சிந்தகோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிந்தகோ என்றால் மேயர். அவர் நாங்கள் இருக்கும் இந்தப் பலெர்மோ நகரத்துக்கு மேயராக இருந்தவர் அல்ல. மலைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு, அதுவும் நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால். ஆனாலும் இங்கே ஒருவர் மேயருக்குரிய அந்த மூவர்ணப் பட்டியை ஒருமுறை தோளில் போட்டுவிட்டால் சாகும்வரை அவர் சிந்தகோதான். வாசல்காவல்காரர், மூலையில் மீன் விற்பவன், மருந்துக்கடைப் பெண் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். நானும்தான். அவருக்குக் குளிக்க வார்க்கும்போதுகூட, "சிந்தகோ, மற்றக் கையையும் தூக்குங்கோ" என்பேன். அவரும் ஒரு கூட்டத்துக்குக் கையசைப்பது போல் தூக்குவார்.

அவருடைய வீடு பொலித்தேயமா நாடக அரங்குக்குப் பின்னால், நான்காம் மாடியில். என்னுடைய வீடு போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே. நடந்தே போய்விடுவேன். போகும் வழியில் தேர்தல் காலங்களில் சுவரெல்லாம் முகங்கள் ஒட்டியிருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனையோ மேயர்களை அந்தச் சுவர்களில்தான் கண்டிருக்கிறேன். பசை காயமுன் பார்த்த முகம், மழையில் கிழிந்து தொங்கும்போது பார்த்த முகம். எங்களுக்கு வாக்கு இல்லை. ஆகவே யார் வந்தார், யார் போனார் என்பதில் எனக்கு ஒரு பயம் மட்டும்தான்: புதிதாக வருகிறவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பாரோ. வேலை செய்த வீடுகளில் வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்கள் தொலைக்காட்சியைப் பார்த்துப் புதிய மேயரைத் திட்டும்போது நான் மனதுக்குள், திட்டாதேங்கோ, அவருக்குக் கோபம் வந்தால் எங்களில்தான் விடியும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் பயப்பட ஒரு காரணம் கிடைத்தால் அதை லேசில் விடமாட்டேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு மேயருக்கு முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டி வந்தது.

இந்த நாட்டில், உனக்குக் குடியுரிமை தருகிறோம் என்று ரோமிலிருந்து பத்திரம் வந்தாலும் அது பாதிக் கிணறு தாண்டின மாதிரித்தான். நீ வசிக்கும் நகரத்தின் மேயர் முன்னிலையில் நின்று, குடியரசுக்கு விசுவாசமாயிருப்பேன், அரசியலமைப்பையும் சட்டங்களையும் கைக்கொள்வேன் என்று ஒரு வசனத்தை வாயால் சொல்ல வேண்டும். சொன்னதற்கு அடுத்த நாள் நீ இத்தாலியன். சொல்கிற அன்று உன்னோடு ஒரே வீட்டில் வாழும் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் கிடைக்கும். ஆகிவிட்டால் கிடையாது. பிள்ளை தனக்கென்று வேலை தேடி, வருமானம் காட்டி, தனியாக முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்குப் பத்திரம் வந்தபோது மகளுக்குப் பதினெட்டு ஆக அதிக காலம் இருக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பால்பல் விழுந்த வயதில் இங்கே வந்தவள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டில் வேறு ஒரு வழி இருக்கிறது. அவளுக்கு அது இல்லை. சத்தியத்துக்குக் கிடைத்த நாள் அவளுடைய பிறந்தநாளுக்கு முந்திய கிழமையில் விழுந்தது. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது பிறந்தநாளுக்குப் பிறகுதான்.

"அப்பா, நான் பதினெட்டுக்குப் பிறகு தனியாய்ப் போய் குவெஸ்தூராவில நிக்கமாட்டன்," என்றாள் மகள். "எனக்கு அந்த நாற்றம் காணும். பாஸ்தா, போதும்."

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் அவளையும் கைபிடித்துக் கூட்டிப்போய் நின்றிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் சிசிலியன் பிள்ளைகளைப் போலவே கத்திக் கதைக்கிறவள், அந்த வாசலுக்கு வந்ததும் வாய் பேசாமல் தாயின் பின்னால் ஒளிந்துகொள்வாள். வளர்ந்த பிறகும் அப்படித்தான். அவள் தாதிமார் படிப்புக்குப் போக ஆசைப்பட்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, என் மகள் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு ஆஸ்பத்திரியில் நடப்பாள் என்பதை நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடக்காமல் போய்விடுமோ என்றுதான்.

இதே நேரத்தில் யாழ்ப்பாணத்தில் அண்ணை படுத்துவிட்டார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்துகொண்டிருந்தார். அப்பா போனபிறகு வீட்டில் ஆண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினபோது நிறுத்தாதே என்று ஈர்க்கு முறியுமட்டும் அடித்தவர் அவர். பிறகு, சரி, இவன் படிக்கமாட்டான், உயிரோடாவது இருக்கட்டும் என்று பிரயாணம் அனுப்பி வைத்தவரும் அவர். ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பார். கதைக்க ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டியே, என்ன கறி" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் எடுக்காத ஞாயிறு இல்லை.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்கு இருந்தது. ஆனால் போன இடத்தில் எனக்கே காய்ச்சல் வந்தால்? விமானம் பிந்தினால்? நான் அங்கே நிற்கும்போது அவர் கண்ணை மூடிவிட்டால், எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியாமல் கூடப்பிறந்தவன் எப்படி வெளிக்கிடுவது? முப்பத்தோராம் நாள் முடியமட்டும் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு வந்து சத்தியம் செய்யலாமா? இப்படி நான் ஒன்றில் தொடங்கி ஒன்பதில் முடிப்பேன். கடைசியில் அவரையே கேட்டேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அண்ணை. குரல் தேய்ந்திருந்தாலும் அதட்டல் தேயவில்லை. "முதல்ல பிள்ளையின்ர அலுவலை முடி. முடிச்சுப்போட்டு ஆறுதலாய் வா. நான் எங்கை ஓடப் போறன்?"

"அண்ணை, நான் அதுக்கில்லை..."

"நீ எதுக்கெண்டு எனக்குத் தெரியும். போனை வை. காசு போகுது."

இப்போதெல்லாம் தொலைபேசிக்குக் காசு போவதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

சத்தியத்து வசனத்தை நான் சிந்தகோவின் குசினியில்தான் பாடமாக்கினேன். மரக்கறி வெட்டும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்ததை அவர் கேட்டுவிட்டார். என்ன என்று விசாரித்தார். சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, கொடியில் தொங்கிய கோப்பை துடைக்கும் துணியை எடுத்துத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டார்.

"ம். இப்ப சொல்லு. கரட்டை வை. கரட்டோட குடியரசுக்குச் சத்தியம் பண்ணக் கூடாது."

நான் நேராக நின்று சொன்னேன். பாதியில் நாக்கு இடறியது.

"நான் மேயராய் நிண்டு எத்தனை பேருக்குக் கலியாணம் கட்டி வைச்சனான் தெரியுமே? பொம்பிளையள் ஒருத்தரும் இடறேல்லை. ஆம்பிளையள் எல்லாரும் இடறினவை. திருப்பிச் சொல்லு."

அவர் சொல்வதெல்லாம் இத்தாலியன்தான், அதிலும் பாதி அவருடைய மலைப் பேச்சு. எனக்கு அது எங்கள் பேச்சாகத்தான் காதில் விழும். அப்படியே எழுதுகிறேன்.

அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எனக்கு மேயர் பதவியின் கதையைச் சொல்லுவார். நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: மேயர் அன்றைக்கு வராமல் வேறொருவர் வந்தால் சத்தியம் செல்லுமா? அதற்கு அவர் தகப்பன் காலத்திலிருந்து தொடங்கினார். அப்போது வாக்கும் இல்லை, மேயரும் இல்லை. மேலிடம் ஒருவரை எழுதி அனுப்பும். அவரைப் பொதெஸ்தா என்பார்கள். அவர் சொன்னதுதான் சட்டம். யுத்தம் முடிந்தபிறகு மக்கள் சபைக்கு ஆட்களைத் தெரிந்தார்கள். சபை தனக்குள் ஒருவரை மேயர் ஆக்கியது.

"அப்பிடித்தான் நான் வந்தனான்," என்றார். "என்னில விருப்பத்தில இல்லை. மற்ற இரண்டு பேரும் ஆளையாள் கண்ணில காட்ட ஏலாது. என்னை ஒருத்தரும் பெரிசாய் வெறுக்கேல்லை. அதால நான் மேயர்."

அதற்குப் பிறகுதான் மக்கள் நேராகவே மேயருக்கு வாக்குப் போடும் முறை வந்தது. சபை குழம்பிக் கலைந்தால் மேயருக்குப் பதிலாக அரசாங்கம் ஓர் ஆணையாளரை அனுப்பும். ஆணையாளர் வந்தால் ஊர் செத்தவீடு மாதிரி அமைதியாக இருக்கும் என்றார் சிந்தகோ.

அவர் ஒருமுறை அமெரிக்காவுக்கும் போயிருக்கிறார். அவருடைய மலை ஊரிலிருந்து கப்பலேறினவர்கள் திரளாக இருக்கும் ஒரு நகரத்துக்கு. அந்த நகரத்து மேயர் இவரைக் கூப்பிட்டுத் தன் அலுவலகத்தைக் காட்டினாராம். ஒரு நீளச் சுவர் முழுக்க முதல் மேயரிலிருந்து எல்லோருடைய படங்களும் வரிசையாக. தொடக்கத்தில் எல்லோருக்கும் தாடி. அவர்கள் வியாபாரிகள், சம்பளமில்லாமல், வருடத்துக்கு ஒருவராகச் சபை நியமித்தவர்கள். நடுவில் மீசை மட்டும். அதற்குப் பிறகு மீசையும் இல்லை. கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள். கடைசிப் பக்கத்தில் ஒரு பெண்.

"அங்கை ஒருத்தரையும் சுவரில இருந்து இறக்கேல்லை," என்றார். "கள்ளனெண்டு பிடிபட்டவரும் தொங்குறார். எங்கட ஊரில புது மேயர் வந்தால் முதல் வேலை பழையவரின்ர படத்தைக் கழட்டுறதுதான். என்ர படம் இப்ப எங்கையோ ஒரு அலுமாரிக்குப் பின்னாலை."

"அப்ப சிந்தகோ, மேயர் வராட்டில் செல்லுமோ?"

"விசரா! பட்டி போட்டவன் மேயர். அதுக்குள்ளை கோட்டுக் கொழுவுற தடி நிண்டாலும் செல்லும்."

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு மத்தியானத்துக்கு.

சத்தியத்துக்கு உரிய நாள் விடிந்தது. நான் எழும்பும்போது என் மனுசி எழும்பிக் குளித்துத் தலையும் முழுகியிருந்தாள். நல்ல காரியத்துக்கு முழுகியிருக்கிறாள் என்று நினைத்தேன். தேநீர் தந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கு கொளுத்தியிருக்கவில்லை. முதல் நாள் வைத்த பூ வாடிக் கிடந்தது.

"என்னப்பா, விளக்குக் கொளுத்தேல்லையே?"

"நேரம் போட்டுது. வெளிக்கிடுங்கோ."

"ஒரு திரிதானே. நான் கொளுத்திறன்."

"வேண்டாம் எண்டு சொல்லுறன்," என்று அவள் கத்தின கத்தலில் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "தீப்பெட்டி முடிஞ்சுது. வந்து கொளுத்துவம்," என்றாள்.

தீப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் கண்டேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்று எதைக் கேட்டாலும் அது ஓர் அபசகுனமாகிவிடும் என்ற பயம். மாதவிலக்காக இருக்கும், மகளுக்கு முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். வாசலில் வைத்து என் தொலைபேசியை வாங்கித் தன் கைப்பையில் போட்டாள். "உள்ளுக்கை மணியடிச்சால் வெக்கம்," என்றாள். சரிதானே என்று கொடுத்துவிட்டேன்.

மகள் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்திருந்த நீலச் சட்டையை அன்றைக்கே போட்டிருந்தாள். மனுசி ஒரு பழைய சாம்பல் நிறச் சேலை. நானும் மகளும் அவளைக் கேலி செய்தோம். "அம்மா சத்தியத்துக்கு வாறாவோ, கோர்ட்டுக்கு வாறாவோ?" என்றாள் மகள். மனுசி சிரித்தாள். சிரித்தது போல் வாயை வைத்தாள் என்று இப்போது தெரிகிறது.

மாநகர அலுவலகத்து அறையில் எங்களோடு இன்னும் சிலர் இருந்தார்கள். தலையில் மஞ்சள் துணி கட்டின ஓர் ஆப்பிரிக்கப் பெண், குடும்பத்தோடு வந்த ஒரு வங்காளி, தனியே ஒரு ருமேனியக் கிழவி. இரண்டு கொடிகள். நீண்ட மேசை. மேயரைக் காணவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் பட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டு வந்தார். கிழவர் சொன்னது நினைவிருந்தும் வாய் கேட்கவில்லை.

"சிஞ்ஞோரா, சிந்தகோ வரமாட்டாரோ?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் கோபிக்கவில்லை. "ஏன், என்னைப் பிடிக்கேல்லையோ? இண்டைக்கு நான்தான் சிந்தகோ," என்று பட்டியைத் தட்டிக் காட்டினார்.

என் முறை வந்தது. எழுந்து நின்று சொன்னேன். ஓர் இடத்திலும் இடறவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கையெழுத்து வைத்தேன். நாடாவால் கட்டின ஒரு சின்னப் புத்தகம் தந்தார்கள், இந்த நாட்டின் அரசியலமைப்பு. பட்டி போட்ட பெண் மகளுக்கும் கை கொடுத்து, "உனக்கும் வாழ்த்துகள்," என்றார். மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். என் நெஞ்சில் பல வருடமாகக் கிடந்த ஒரு கல் அப்போது இறங்கியது. உண்மையாகவே இறங்கியது. அந்தச் சில நிமிடச் சந்தோசத்தை நான் எவரிடமும் மறுக்கமாட்டேன்.

வெளியே வந்து படிகளில் இறங்கினோம். மகள் தன் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். மனுசி என் கையைப் பிடித்து ஒரு கல் இருக்கையில் இருத்தினாள். வீதியில் வைத்து அவள் என் கையைப் பிடிக்கிறவள் இல்லை.

"இஞ்சேருங்கோ. கத்தக் கூடாது. அண்ணை கண்ணை மூடிட்டார்."

எனக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"நாங்கள் எழும்ப முதலே. அண்ணி எனக்குத்தான் எடுத்தவ."

"எழும்ப முதலோ? அப்ப நீர்..."

"ஓம்."

விளக்கு, தலைமுழுக்கு, சாம்பல் சேலை, தொலைபேசி எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்து நின்றன. கையை உதறினேன்.

"ஏன் சொல்லேல்லை? நான் துடக்கோட போய் நிண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன். என்ர அண்ணை அங்கை கிடக்க, இஞ்சை எல்லாரும் எனக்குக் கைதட்டியிருக்கினம்."

"உங்களுக்குத் துடக்கில்லை," என்றாள். "கேட்டால்தான் துடக்கு. நீங்கள் கேக்கேல்லை. நீங்கள் சுத்தமாய்த்தான் நிண்டனீங்கள். எனக்குத்தான் துடக்கு. அதுதான் நான் விளக்கில கை வைக்கேல்லை, உங்களையும் விடேல்லை."

ஊரில் அப்படிச் சொல்வது உண்டுதான். சாவு நடந்த நேரத்திலிருந்து அல்ல, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு என்பார்கள். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கும், மணவறையில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் அதனால்தான் சொல்லாமல் வைத்திருப்பார்கள். நானே அப்படி ஒருவருக்கு மறைத்ததை ஆதரித்துக் கதைத்திருக்கிறேன். ஆனால் மறைக்கப்பட்டவன் எப்படி இருந்தான் என்று அப்போது யோசித்ததில்லை.

"சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பியள்? நெஞ்சில கை வைச்சுச் சொல்லுங்கோ," என்றாள். "சத்தியத்துக்குப் போயிருப்பியளோ, விமானத்துக்கு ஓடியிருப்பியளோ? உங்களை எனக்குத் தெரியாதே?"

இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

மகள் திரும்பி வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியது. "பெரியப்பாவோ?" என்றாள். தாய் தலையாட்டினாள். எப்போது, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தவள் தாயைப் பார்த்தாள்.

"எனக்காகவோ மறைச்சனீங்கள்? நான் கேட்டனானோ? மா பெர்கே, ஏன் அம்மா? எனக்கு நாளைக்கு ஆரும் சொல்லுவினம், உன்னாலதான் உன்ர அப்பா போகேல்லை எண்டு."

"ஒருத்தரும் சொல்லாயினம்."

"அப்பா சொல்லுவார். வாயால சொல்லாட்டிலும்."

நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். எழுந்து நடந்தேன், அவ்வளவுதான்.

நேரே சிந்தகோ வீட்டுக்குப் போனேன். அன்று எனக்கு விடுமுறை. கதவைத் திறந்துவிட்ட வாசல்காவல்காரர் வாழ்த்துச் சொன்னார். கிழவர் என்னைக் கண்டதும் குசினித் துணியைத் தேடினார், தோளில் போட்டு என்னை வரவேற்க. விசயத்தைச் சொன்னேன். துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"போகலாமோ, சிந்தகோ? இண்டைக்கே வெளிக்கிட்டால்?"

இந்த முறை அவர் வாயில் வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை.

"இண்டைக்கு முடியுமட்டும் நீ உன்ர நாட்டுக்காரன். நாளைக்கு நீ எங்கட ஆள். உன்ர நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது?"

"வேற நாட்டுக்காரன் ஆனால் அங்கத்தையது தானாய்ப் போடுமாம்."

"அப்ப அந்தக் கடவுச்சீட்டு நாளைக்குச் செத்துப் போகும். உன்ர பெர்மெஸ்ஸோவும்தான். எங்கட அடையாள அட்டை வரமட்டும் நீ என்ர குசினிக்குள்ள மட்டும்தான் இத்தாலியன். போறது போயிடுவாய். திரும்பி வரேக்கை ஆராய் வருவாய்?"

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடையிலும் போய் விசாரித்தேன். ஒருவர், "போங்கோ அண்ணை, விமானநிலையத்தில ஒருத்தரும் அவ்வளவு துருவமாட்டினம்," என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், அப்படிப் போன ஒருவர் திரும்பி வரப் பட்ட பாட்டைச் சொன்னார். துணிந்தவர்கள் முதலாமவரைக் கேட்டுப் போயிருப்பார்கள். நான் இரண்டாமவரைத்தான் கேட்பேன், எப்போதும். மனுசிகூட, "போறதெண்டால் போங்கோ, வாறது வரட்டும், நான் பாக்கிறன்," என்றாள். நான் போகவில்லை.

தகனம் மறுநாள். அண்ணையின் மூத்த மகன் தொலைபேசியில் காட்டினான். அங்கே மத்தியானம், இங்கே காலைச் சாப்பாட்டு நேரம். வீட்டில் மனுசிக்கு முன்னால் இருந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போய், சிந்தகோவுக்குப் பாலில் பிஸ்கோத்தை ஊறவைத்துக் கொடுத்துவிட்டு, தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். பந்தல் தெரிந்தது. பறைச் சத்தம் அந்தச் சின்னப் பெட்டியில் தகரம் தட்டுவது போல் கேட்டது. பெண்கள் ஒப்பாரி சொல்லும்போது அண்ணி என் பெயரைச் சொல்லி, அவனுக்கு முகம் காட்டாமல் போறியே என்று அழுதா. என்னைக் குறை சொன்னாவோ, அண்ணையைத்தான் கேட்டாவோ தெரியாது. வாய்க்கரிசி போட எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் போட வேண்டிய இடத்தில் யாரோ ஒரு சித்தப்பா மகன் நின்றான். அவனை எனக்குச் சரியாக அடையாளம் தெரியவில்லை.

கிழவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பாடையைத் தூக்கும்போது படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது வெறும் வேலியும் நடக்கும் கால்களும் தெரிந்தன.

"என்ர ஊரில," என்று மெதுவாகத் தொடங்கினார், "ஆர் செத்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லுவினம். பாதிரியாருக்கும் முதல். மேயர் சாவைப் பதிஞ்சால்தான் பிரேதத்தைத் தாழ்க்கலாம். ரோட்டுப் போட்டதும் தண்ணி கொண்டுவந்ததும் இப்ப எனக்குப் பெரிசாய் ஞாபகமில்லை. ஆக்கள் தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு வாசல்ல வந்து நிண்டதுதான் ஞாபகம்."

பால் ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது. சுடவைத்துக் கொடுத்தேன்.

மகளின் பிறந்தநாள் வந்து போனது. கேக் வெட்டவில்லை. முப்பத்தொன்று முடியாமல் வெட்டக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். அவளின் தாய்க்கும் எனக்கும் இடையில் அதிகம் பேச்சில்லை. சாப்பாடு, திறப்பு, மழை, இவ்வளவுதான். மனுசி ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "திரும்பவும் அப்பிடி ஒண்டு வந்தால் திரும்பவும் அதைத்தான் செய்வன்," என்றாள். மன்னிப்புக் கேட்டிருந்தால் கோபப்படச் சுகமாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. மகளுக்கு அடையாள அட்டை வந்த அன்று அவள் அதை மேசையில் வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். மனுசிதான் அதை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்குள் அந்த அட்டையைக் கண்டபோது எனக்குச் சந்தோசம்தான் வந்தது. அதில் நான் பொய் சொல்ல முடியாது.

என் புதிய கடவுச்சீட்டு கோடையில் வந்தது. அடுத்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசி அடிக்காத ஞாயிறுகளுக்கு எனக்கு இன்னும் பழக்கமில்லை; மத்தியானத்துக்கு முன்னால் இரண்டு மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிடுவேன். சாப்பிட்ட பிறகு மகளிடம் போய், ஊருக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். நான் பிறந்த ஊருக்குப் போக எனக்கு இனி விசா வேண்டும். அவள் தன் கணினியைத் திறந்து என் விபரங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். நாடு: இத்தாலி. போகும் காரணம்: உறவினரைப் பார்த்தல்.

"ஆரைப் பாக்கப் போறியள், எங்கை தங்குவியள் எண்டு கேக்குது, அப்பா."

"பெரியப்பா வீடு," என்றேன்.

அவள் விலாசத்தை அடித்தாள். அவளுக்கு அது மனப்பாடம். பிறகு விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேர் கேக்குது. பெரியம்மான்ர பேரைப் போடட்டே?"

மனுசி குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரம். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

"போடு, பிள்ளை," என்றேன். "அம்மான்ர கடவுச்சீட்டையும் எடுத்து வை. அவவும் வரட்டும். எனக்கு ஆர் சொல்லாமல் விட்டதெண்டு அண்ணிக்கு அவவே சொல்லட்டும்."